கையெழுத்து இல்லாமல் போய்வரும் புத்தகங்கள்

(நமது கிளப் ஹவுஸில் நடந்த கோடைகால வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

"லீவுல என்ன படிக்கலாம்னு பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்று செயலாளர் ஃபோனில் கேட்டார். சரி என்றேன். தலைப்பு கேட்டார். "புதிய காதல் நாவல்கள்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இந்தப் பக்கம் சமையலறையில் என் மனைவி சிரித்தது மட்டும் கேட்டது.

நான் பி.காம். படித்தவன். முப்பது வருஷத்துக்கு மேல் பேங்க் கவுண்டரிலும் லெட்ஜரிலும் கழித்தவன். இலக்கியம் பேசத் தெரியாது, கணக்கு கொஞ்சம் தெரியும். அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

போன மாதம் நூலகத்தில் இடம் போதவில்லை என்று கமிட்டியில் பேச்சு வந்தது. ஜன்னல் ஓரத்துக் கீழ்த் தட்டில் இருப்பவை எல்லாம் வீடு மாறிப் போனவர்கள் விட்டுப்போன காதல் நாவல்கள். ரமணிசந்திரன், மாலைமதி, ராணிமுத்து, மில்ஸ் அண்ட் பூன், ஆங்கிலத்தில் சில புதிய புத்தகங்கள். "ஒரு வருஷமா ரிஜிஸ்டர்ல ஒருத்தரும் கையெழுத்துப் போட்டு எடுக்கல. பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடலாம்" என்றார்கள். அதற்கு முன் இருப்பைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது.

ரிஜிஸ்டரில் உண்மையிலேயே ஒரு பதிவும் இல்லை. ஆனால் பட்டியலில் 64 புத்தகம், தட்டில் 41தான் இருந்தது. ஒரு வாரம் கழித்து எண்ணினேன், 47. போனவற்றில் சில திரும்பியிருந்தன, முதலில் பார்த்த சிலவற்றைக் காணோம். பதிவே இல்லாமல் இருப்பு மட்டும் ஏறி இறங்குகிறது! பேங்கில் இப்படி நடந்தால் இன்ஸ்பெக்ஷன் வந்துவிடும்.

புத்தகங்களைப் புரட்டினேன். உள்ளே அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட், மருந்துச் சீட்டு. யாருடையது என்று பார்ப்பது முறையில்லை என்று மூடிவைத்தேன். ஒன்றில் இருந்த பால் அட்டையை மட்டும் பார்த்துவிட்டேன். அது எங்கள் வீட்டு அட்டை. மூன்று நாளாக நாங்கள் இருவரும் தேடிக்கொண்டிருந்தது. மேல் தட்டில் உள்ள தன்னம்பிக்கை நூல்களுக்கு ரிஜிஸ்டரில் நிறையக் கையெழுத்து. புத்தகங்களோ மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. கட்டு விட்டுப்போய், ஓரம் நைந்து இருப்பவை எல்லாம் கீழ்த் தட்டில்தான்.

நம் குடியிருப்பில் காதல் நாவல் படிக்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். படிப்பதைச் சொல்லத்தான் கூச்சப்படுகிறார்கள். அன்றைக்கு நானும் ஒரு புத்தகத்தை எடுத்து, கையெழுத்துப் போடாமல், பேப்பருக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அது கென்ட் ஹாரூஃப் எழுதிய 'அவர் சோல்ஸ் அட் நைட்'. 2014இல் அவர் காலமானார், நாவல் 2015இல் வந்தது. இருநூறு பக்கத்துக்குள் முடிந்துவிடும். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் ஒரு சிற்றூர். ஆடி மூர் என்ற பெண்மணிக்கு எழுபது வயது, கணவர் இல்லை. அதே தெருவில் லூயிஸ் வாட்டர்ஸ், மனைவியை இழந்தவர். ஒரு நாள் மாலை அந்த அம்மா அவர் வீட்டுக்குப் போய்க் கேட்கிறார்: இரவில் என் வீட்டுக்கு வந்து, படுத்துக்கொண்டே பேசிக்கொண்டிருப்பீர்களா என்று. வேறு எதற்காகவும் இல்லை. பகல் எப்படியோ போய்விடுகிறது, ராத்திரிதான் கழியவில்லை.

முதல் நாள் அவர் ஊர் பேசுமே என்று பயந்து பின்வாசல் வழியாக வருகிறார். முன்வாசல் வழியாகவே வாருங்கள் என்று அந்த அம்மா சொல்லிவிடுகிறார். ஊர் என்ன பேசியது, பெற்ற பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்பதுதான் கதை. முடிவைச் சொல்ல மாட்டேன்.

இதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. நான் வேலை பார்த்த ஒரு கிளையில் கணவரை இழந்த ஓர் அம்மா இருந்தார். மனைவியை இழந்த ஒருவரும் இருந்தார். இருவரும் மதியம் ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள், அவ்வளவுதான். சாப்பாட்டு அறையில் அதைப் பற்றிக் கிண்டல் பேசாத நாள் கிடையாது. நான் எதுவும் சொன்னதில்லை, சிரித்திருக்கிறேன். கொஞ்ச நாளில் அந்த அம்மா தன் சீட்டிலேயே டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார். பிறகு டிரான்ஸ்ஃபர் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். பைசா வித்தியாசம் வந்தாலும் டாலி ஆகும்வரை வீட்டுக்குப் போகாத நாங்கள், அந்தக் கணக்கை அப்படியே விட்டுவிட்டோம்.

காதல் கதை என்றால் ஏன் சிரிக்கிறோம் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். ஒருவருக்கு இன்னொருவரின் அன்பு வேண்டியிருக்கிறது என்பதை வெளியே சொன்னால் நமக்குச் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் கையெழுத்து இல்லாமல் புத்தகம் போய்வருகிறது.

இனி லீவுக்கான பட்டியல்.

ஒன்று, எமிலி ஹென்றியின் 'பீச் ரீட்', 2020இல் வந்தது. ஜனவரி என்ற பெண் காதல் நாவல் எழுதுபவள். அப்பா இறந்த பிறகு, அவருக்கு வேறொரு பெண்ணோடு உறவு இருந்தது தெரியவருகிறது. காதலில் இருந்த நம்பிக்கை போய் எழுத்து நின்றுவிடுகிறது. மிச்சிகன் ஏரிக்கரையில் அப்பா விட்டுப்போன வீட்டுக்குப் போகிறாள். பக்கத்து வீட்டில் கல்லூரிக் காலத்துப் போட்டியாளன், பெரிய இலக்கிய எழுத்தாளன். கோடை முடிவதற்குள் அவள் அவனைப் போல எழுத வேண்டும், அவன் அவளைப் போல எழுத வேண்டும் என்று பந்தயம். காதல் கதையை மட்டமாக நினைப்பவர்களுக்கு இந்த நாவலே பதில். ஆனால் இது பெரியவர்களுக்கான புத்தகம், படுக்கையறைக் காட்சிகள் உண்டு.

இரண்டு, உஸ்மா ஜலாலுத்தீனின் 'ஆயிஷா அட் லாஸ்ட்', 2018. கனடாவில் டொரொன்டோ நகரத்து முஸ்லிம் குடும்பங்களின் கதை. கவிதை எழுத ஆசைப்படும் ஆசிரியை ஆயிஷா. அம்மா பார்க்கும் பெண்ணைத்தான் கட்டுவேன் என்றிருக்கும் காலித். ஷேக்ஸ்பியரை எடுத்துவிடும் ஒரு தாத்தாவும் உண்டு. ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' கதையைத் தழுவியது. கல்லூரி படிக்கும் பெண்ணும் அம்மாவும் பாட்டியும் மாற்றி மாற்றிப் படிக்கலாம்.

மூன்று, தமிழில். ரமணிசந்திரனின் நாவல்கள் கீழ்த் தட்டில் இருக்கின்றன. ஃபோனில் படிக்கிறவர்களுக்குப் பிரதிலிபி போன்ற செயலிகளில் இன்றைய பெண்கள் அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகிறார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். பெண்ணை மிரட்டி, கையை முறுக்கி, அதுதான் காதல் என்று கடைசியில் முடிக்கும் கதைகளும் இவற்றில் உண்டு. அப்படி வந்தால் தயங்காமல் மூடி வையுங்கள்.

"முடிவு தெரிஞ்ச கதையை எதுக்கு சார் படிக்கணும்?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஃபிக்சட் டெபாசிட்டில் முதிர்வுத் தொகை முதல் நாளே ரசீதில் அச்சாகி வருகிறது. அதற்காக யாரும் டெபாசிட் வேண்டாம் என்பதில்லை. துப்பறியும் கதையிலும் கொலைகாரன் கடைசியில் மாட்டத்தான் போகிறான். எப்படி என்பதற்குத்தான் படிக்கிறோம். இரண்டு பேர் தங்கள் பயத்தையும் கௌரவத்தையும் விட்டு எப்படி ஒருவரையொருவர் நம்ப ஆரம்பிக்கிறார்கள் என்பதைப் படிக்கத்தான் காதல் நாவல். அது இருபது வயதுக்காரர்களுக்கு மட்டுமான பாடம் இல்லை.

கமிட்டிக்கு என் அறிக்கை இதுதான். கீழ்த் தட்டைப் பழைய பேப்பருக்குப் போட வேண்டாம். நூலகத்தில் அதிகம் புழங்குகிற சரக்கு அது. இடம் வேண்டுமென்றால் மேல் தட்டிலிருந்து நான் கொடுத்த பழைய வருமான வரிப் புத்தகங்களை எடுத்துவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை. அடுத்த ஞாயிறு கமிட்டி முடிவெடுக்கப் போகிறது. படிப்பவர்கள் வாய் திறந்தால்தான் அந்தத் தட்டு நிற்கும்.

இன்று காலை ரிஜிஸ்டரில் 'அவர் சோல்ஸ் அட் நைட்' என்று எழுதி, எடுத்த தேதியும் கொடுத்த தேதியும் போட்டுக் கையெழுத்திட்டேன். அதற்குக் கீழே என் மனைவி தான் இரண்டு வருஷமாக எடுத்ததை எல்லாம் ஞாபகத்திலிருந்து எழுதினார். ஒரு பக்கம் நிரம்பிவிட்டது. அடுத்த பக்கம் காலியாக இருக்கிறது. பேனா கட்டியே இருக்கிறது, போகிற வழியில் பாருங்கள்.