விநாடிக்கு ஓர் அடி

பல்லாவரத்தில் ஒரு சினிமாக் கொட்டகையில் புரொஜெக்டர் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊமைப்பட காலத்து இயக்குநர் ஒருவரைப் பற்றிப் பேசுங்கள் என்று வானொலி நிலையத்தார் கேட்டார்கள். தமிழ்நாட்டின் முதல் கதைப்படத்தை எடுத்த ஆர். நடராஜ முதலியாரைத்தான் சொல்வேன் என்றேன். அவரைக் கலைஞர் என்று எழுதுகிறார்கள், சரிதான். என் கண்ணுக்கு அவர் முதலில் ஒரு மெஷின்காரர்.

1885-இல் வேலூரில் பிறந்தவர். சென்னைக்கு வந்து, உறவினர் தர்மலிங்க முதலியாரோடு சேர்ந்து சைக்கிள் விற்றார். அப்புறம் அமெரிக்கக் கார்கள், கார் உதிரி பாகங்கள். வியாபாரம் நன்றாகவே போனது. அந்த நேரத்தில்தான் தாதா சாகேப் பால்கேயின் படங்கள் அவரைப் பிடித்துக்கொண்டன. பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’ வந்தது 1913-இல். பார்த்தவர்கள் எல்லாம் அதிசயித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இவர் பூனாவுக்கு ரயில் ஏறினார். அங்கே ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்காரக் கேமராக்காரரிடம் அடிப்படைப் பாடம் கற்றுக்கொண்டார். திரும்பி வந்ததும், தஞ்சாவூர்ப் பக்கத்து மிராசுதாரான மூப்பனார் ஒருவரிடமிருந்து ஒரு வில்லியம்சன் கேமராவையும் பிரின்டரையும் 1,800 ரூபாய்க்கு வாங்கினார்.

இந்தக் கேமராவிடம் கொஞ்ச நேரம் நிற்கப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அதில் மோட்டார் கிடையாது. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். ஒரு சுற்றுச் சுற்றினால் எட்டுக் கட்டம் ஓடும். விநாடிக்கு இரண்டு சுற்று என்றால் பதினாறு கட்டம். 35 எம்.எம். பிலிமில் ஓர் அடிக்குப் பதினாறு கட்டம்தான் இருக்கும். ஆக, விநாடிக்கு ஓர் அடி பிலிம். நடிப்பவர் அழுதாலும் அடித்தாலும் கேமராக்காரரின் கை அதே கதியில் சுற்ற வேண்டும். கை வேகம் குறைந்தால் திரையில் ஆள் ஓடுவான், கூடினால் மிதப்பான். பழைய ஊமைப்படத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கும் பிள்ளைகள், ‘ஏன் தாத்தா எல்லாரும் இப்படிக் குடுகுடுன்னு நடக்குறாங்க?’ என்று கேட்பார்கள். அந்தக் காலத்து ஜனங்கள் அப்படி நடக்கவில்லை, ஐயா. பதினாறில் எடுத்ததை நாம் இருபத்துநாலில் ஓட்டுகிறோம். பேசும்படம் வந்த பிறகுதான் ஒலிக்காக அந்த இருபத்துநாலு நிலைத்தது. நடராஜ முதலியாரின் அந்த முதல் படமான ‘கீசக வதம்’ ஏறத்தாழ 6,000 அடி. அவர் சுற்றிய கதியில் ஓட்டினால் நூறு நிமிடம். என் கொட்டகை மெஷினில் போட்டிருந்தால் அறுபத்தேழு நிமிடத்தில் முடிந்திருக்கும். கீசகனுக்குச் சாவு அரை மணி நேரம் முன்னாலேயே வந்திருக்கும்!

புரசைவாக்கத்தில் மில்லர்ஸ் ரோட்டில் ஒரு பங்களா எடுத்து, இந்தியா பிலிம் கம்பெனி என்று பெயர் வைத்தார். ஸ்டூடியோ என்றால் பெரிய விளக்குகளை நினைத்துக்கொள்ளாதீர்கள். கூரைக்குப் பதில் மெல்லிய வெள்ளைத் துணி. மேலே நம் ஊர் வெயில். துணி வழியாக இறங்கும்போது வெயிலின் கடுமை போய், முகத்தில் கறுப்பு நிழல் விழாமல் வெளிச்சம் பரவும். நாள் முழுக்க ஆர்க் விளக்குக்குப் பக்கத்தில் நின்று, கார்பன் குச்சி தேயத் தேயத் தள்ளிக்கொண்டிருந்த எனக்கு, செலவில்லாத அந்த வெளிச்சத்தின் மேல் பொறாமையே உண்டு. மேகம் வந்தால் மட்டும் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

எடுத்த பிலிமைக் கழுவ பெங்களூருக்குக் கொண்டுபோனார். சென்னை வெயிலில் மருந்துத் தண்ணீர் சூடேறினால் பிலிமின் மேலிருக்கும் ஜெலட்டின் பூச்சு இளகி உரிந்துவிடும். பெங்களூரின் குளிர் அதற்குத் தோது. வாரக் கடைசியில் ரயிலேறி, கழுவிப் பார்த்து, திரும்பி வந்து மறுபடியும் படப்பிடிப்பு. முப்பத்தைந்து நாளில் படம் முடிந்தது. செலவு 35,000 ரூபாய் என்கிறார்கள்.

சரி, கதை யார் சொன்னது? இங்கேதான் நம் பக்கத்து ஊர் வருகிறது. திரௌபதி மேல் ஆசைப்பட்டுச் சாகும் மகாபாரதக் கீசகனின் கதையை எடுக்கச் சொன்னவர் பம்மல் சம்பந்த முதலியார். பல்லாவரத்தில் இறங்கி மேற்கே போனால் வருமே, அதே பம்மலைப் பெயருக்கு முன்னால் சுமந்தவர். 1891-இல் சுகுண விலாச சபை என்ற நாடக சபையைத் தொடங்கியவர். முதல் படமே இப்படிப்பட்ட கதையா என்று உறவினர்கள் முகம் சுளித்தபோதும் நடராஜ முதலியார் பின்வாங்கவில்லை. நடிகர்களைப் பழக்கியவர் அதே சபையின் ரங்கவடிவேலு. ராஜு முதலியார் கீசகன், ஜீவரத்தினம் திரௌபதி.

சம்பந்த முதலியாரின் ‘மனோகரா’ நாடகம் 1954-இல் படமாக சிவாஜி நடித்து வந்தது உங்களுக்குத் தெரியும். பழைய பிரதி ஒன்று எங்கள் கொட்டகைக்கு வந்திருந்தபோது, தர்பார் காட்சியில், சங்கிலியோடு சிவாஜி நிற்கும் இடத்தில், மெஷினில் ஒலி எடுக்கும் பல்பு போய்விட்டது. படம் ஓடுகிறது, சத்தம் இல்லை. மாற்று பல்பை நான் தேடிக்கொண்டிருக்கையில் கீழே தரை டிக்கெட்டில் ஒருவர் வசனத்தை ஆரம்பித்தார். இன்னொருவர் பிடித்துக்கொண்டார். கண்ணாம்பா பேசும் இடத்தை பெஞ்சிலிருந்து ஒரு அம்மாள் பேசினார். நான் பல்பை மாட்டி சத்தம் திரும்பியதும், ‘அண்ணே, அதை அணைச்சுடுங்க’ என்று ஒரு குரல்!

ஊமைப்படக் கொட்டகைகளிலும் வாய் சும்மா இருந்ததில்லை. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, படத்தின் நடுவே வரும் எழுத்து அட்டைகளை உரக்கப் படித்து, கதையையும் சொல்லுவார். படிக்கத் தெரியாதவர்கள்தானே அன்று அதிகம்? ‘கீசக வத’த்துக்குத் தமிழ், ஆங்கில அட்டைகளைப் பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் உதவியோடு எழுதினார்கள். இந்தி அட்டைகளை எழுதியவர் காந்தியின் மகன் தேவதாஸ். மவுன்ட் ரோடு எல்பின்ஸ்டன் கொட்டகையில் படம் ஓடியது. பர்மா, இலங்கை, மலாய், சிங்கப்பூர் வரை போனது. 50,000 ரூபாய் வசூல். வெளியான ஆண்டு 1916 என்பாரும் 1918 என்பாரும் உண்டு.

நேரம் ஓடிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து விரல் காட்டுகிறார்கள். ‘திரௌபதி வஸ்திராபகரணம்’, ‘லவ குசா’, ‘மார்க்கண்டேயா’ என்று நடராஜ முதலியார் மேலும் சில படங்கள் எடுத்தார். துகிலுரியும் காட்சிக்கு நம் பெண்கள் யாரும் முன்வராததால் ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண் திரௌபதியானார். பிறகு தீ விபத்தில் மகனைப் பறிகொடுத்து, 1923-இல் சினிமாவை விட்டு விலகினார். பேசும்படம், கலர், சினிமாஸ்கோப் எல்லாம் வந்த பிறகும், எழுபதுகளின் தொடக்கம் வரை வாழ்ந்தார். பத்து வருஷம்கூட இல்லாத அந்த வேலைக்குத்தான் அவரைத் தமிழ் சினிமாவின் தந்தை என்கிறோம். அது அதிகப்படியான பட்டமில்லை.

அவர் எடுத்த படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்தக் காலத்து பிலிம் நைட்ரேட். தீப்பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும். எரியாவிட்டால் மக்கிப் பொடியாகும். தென்னிந்திய ஊமைப்படங்களில் முழுசாகக் கிடைத்தது 1933-இன் ‘மார்த்தாண்ட வர்மா’தான். அதுவும் வழக்கில் மாட்டி முடங்கிக் கிடந்ததால் பிழைத்தது. இப்போது பூனா திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய தகர டப்பாவோ, பயாஸ்கோப் நோட்டீஸோ, கொட்டகை போட்டோவோ கண்ணில் பட்டால் எடைக்குப் போக விடாதீர்கள். காகிதமானால் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது, அங்கே சொல்லுங்கள். டப்பாவுக்குள் பிலிம் இருந்தால் வெயிலில் வைக்காதீர்கள், பக்கத்தில் பீடி, விளக்கு எதுவும் வேண்டாம். அந்தப் பூனா காப்பகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள்.