நம் ஊரின் பழைய வீடுகளும் நம் பங்கின் பழைய கூடமும்

(யூபிலி ஆண்டுத் தொடக்க விழாக் கூட்டத்தில் பங்கு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் என்னைப் பேச அழைத்தபோது, 'புதுச்சேரியின் பழைய கட்டடங்களைக் காக்க அரசும் நகராட்சியும் செய்து வருவன' என்று தலைப்புக் கொடுத்தார்கள். ஏன் இந்தத் தலைப்பு என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கோயிலுக்குப் பின்னால் நிற்கும் நம்முடைய பழைய கூடத்தை இடித்துவிட்டு யூபிலி நினைவாகத் திருமண மண்டபம் கட்டலாமா என்ற பேச்சு ஓராண்டாக நடக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். நழுவிப் போகமாட்டேன்.

முதலில் ஓர் ஒப்புதல். நான் சரித்திரம் படித்தவன் அல்லன். 1978-ஆம் ஆண்டு முதல் வீட்டு பிளான் வரைந்து பிழைத்தவன். இந்த ஊரில் திண்ணை வைத்த வீடு ஒன்று போய், அந்த இடத்தில் நாலு மாடி எழுந்தால், அதன் பிளானில் என் கையெழுத்து இருக்க வாய்ப்புண்டு. அப்படி எத்தனை வீடுகள் என்று நான் கணக்கு வைக்கவில்லை. வைக்க மனமும் வரவில்லை.

நம் ஊர் இடிபடுவதற்குப் புதியது அன்று. 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே வந்து காலூன்றினார். 1693 முதல் 1699 வரை ஊர் ஒல்லாந்தர் கையில் இருந்தது. நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும் நம் தெருக்களுக்கு முதலில் திட்டம் வரைந்தவர்கள் அவர்கள்தாம். 1761-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-இல் திரும்பக் கிடைத்த பிறகு, ழான் லா தெ லொரிஸ்தோன் காலத்தில் பழைய தெருக் கோட்டின் மேலேயே ஊரை மறுபடி கட்டினார்கள். இன்று நாம் 'பழைய வீடு' என்று சொல்பவை பெரும்பாலும் அதற்குப் பிறகு எழுந்தவை.

நம் சம்பா கோயிலையே பாருங்கள். சேன் போல் என்பதுதான் நம் வாயில் சம்பா ஆயிற்று. அந்த இடத்தில் கட்டிய கோயில்கள் முன்பும் அழிந்திருக்கின்றன. இப்போது நிற்பது 1791-இல் கட்டி முடித்தது. அதைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதன் அருகே இருந்த வேதபுரீசுவரர் கோயிலை 1748-இல் பிரெஞ்சு ஆட்சியார் இடித்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் அதை எழுதி வைத்திருக்கிறார். அது பின்னால் வேறிடத்தில் எழுந்து இன்றும் வழிபாடு நடக்கிறது. ஒரு வழிபாட்டு இடம் போனால் மக்களுக்கு எப்படி வலிக்கும் என்பதற்கு நாம் தூரத்துச் சாட்சி தேட வேண்டியதில்லை.

இனி வீடுகளுக்கு வருகிறேன். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் பகுதி. உயர்ந்த மதில், பெரிய வாயில், உள்ளே தோட்டம். மேற்கே நம்மவர் பகுதி. இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முகம்மதியர் என்று தனித்தனித் தெருக்கள். நம் வீடு தெருவைப் பார்த்து முகம் திருப்பிக்கொள்ளாத வீடு. மரத்தூண் நிறுத்திய தாழ்வாரம், வழிப்போக்கன் உட்காரத் திண்ணை, உள்ளே போனால் முற்றம். பிறகு வசதி வந்தவர்கள் மாடி கட்டினார்கள். கீழே தமிழ் வீடு, மேலே வளைவுச் சன்னலும் சாய்வுப் பலகையும் வைத்த பிரெஞ்சு வீடு. இப்படி ஒரே வீட்டில் இரண்டு ஊரையும் வேறெங்கும் எளிதில் காணமுடியாது. வெளியூர்க்காரர் வந்து சொன்ன பிறகுதான் இதன் அருமை எனக்கே தெரிந்தது என்பது வெட்கமான உண்மை.

அந்த வீடுகள் ஏன் போகின்றன? பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். பெரும்பாலும் அது பேராசை அன்று, பாகப்பிரிவினை. எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். அப்பா போன பிறகு நாங்கள் ஐந்து பேர். பெரிய அண்ணன் சொல்தாவாகப் போய்ப் பிரான்சிலேயே தங்கிவிட்டார். ஓர் அக்காள் திருச்சியில். வீட்டில் இருந்தவன் நான் ஒருவன். மழைக்காலத்தில் ஒழுகினால் நான் பார்க்க வேண்டும். செலவைக் கேட்டால் ஐந்து பேருக்கும் ஐந்து கருத்து. தேக்கு உத்தரம் ஒன்று மாற்றுகிற செலவில் ஒரு அறை புதிதாகக் கட்டிவிடலாம். சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார் கிடைக்கவில்லை. மனையின் விலையோ வருடத்துக்கு வருடம் ஏறுகிறது. அண்ணன் கையெழுத்துப் போட்ட பத்திரம் கப்பலில் வரவில்லை, விமானத்தில் ஒரே வாரத்தில் வந்தது. விற்றோம். அந்த மனையில் எழுந்த அடுக்கு வீட்டுக்கும் நானே பிளான் போட்டேன். பங்கில் கிடைத்த பணத்தில்தான் என் மகளின் திருமணம் நடந்தது. ஆகவே, விற்றவர்களைப் பார்த்துப் பேசும் தகுதி எனக்கு இல்லை.

தனி மனிதன் தாங்க முடியாத இந்தச் சுமையை ஊர் தாங்கலாமா என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. 1984-இல் தொடங்கிய இன்டாக் என்னும் மரபுக் காப்பு அறக்கட்டளை இங்கே தெருத் தெருவாக நடந்து பட்டியல் எடுத்தது. 1990-களில் அவர்கள் எண்ணியவை 1,800-ஐ ஒட்டிய கட்டடங்கள். பின்னர் எண்ணியபோது பல நூறு காணாமற் போயிருந்தன. பட்டியல் போட்டால் கட்டடம் நிற்காது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ஆனால் பட்டியல் இல்லாமல் எதுவும் தொடங்காது என்பதும் உண்மை.

நகராட்சி செய்ததில் என் மனத்துக்குப் பிடித்தது வைசியாள் வீதி வேலை. கல்வே சுப்பராயச் செட்டியார் வீதி என்று பலகையில் இருக்கும். 2002 முதல் 2004 வரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஆசியா உர்ப்ஸ்' திட்டத்தில், புதுச்சேரி நகராட்சி இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நேவ் சுர் லோத் என்ற இரு நகரங்களோடு கைகோத்தது. ஒரு மாளிகையை எடுத்துப் பொம்மைபோல் அலங்கரிக்காமல், ஒரு தெருவின் முகத்தையே வரிசையாகச் சீர்செய்தார்கள். செலவில் ஒரு பங்கு திட்டத்தினுடையது, ஒரு பங்கு வீட்டுக்காரருடையது. இந்த இரண்டாவது பங்குதான் முக்கியம். இனாமாகக் கிடைத்த சுண்ணாம்பு அடுத்த மழையில் உதிர்ந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். தன் பணமும் அதில் இருந்தால் நின்று பார்ப்பான். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருதுகளில் அந்த வீதிக்கு இடம் கிடைத்தது. நான் வேலை நடந்தபோது மாலை வேளைகளில் போய்ப் பார்ப்பேன். சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசினார்கள். பழைய செங்கல் சுவர் மூச்சு விடும் சுவர். அதன்மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரையே தின்றுவிடும். கடற்காற்றின் உப்பு வேறு. அத்தனை ஆண்டு தொழில் செய்தும் நான் இதை அங்கேதான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

விதிகளும் வந்தன. மரபுக் கட்டடங்களுக்கென அரசு ஒரு குழு அமைத்தது. பட்டியலில் உள்ளதை மாற்றவோ இடிக்கவோ அனுமதி கேட்கும் முறை வந்தது. ஆனால் விதி ஒரு கையால் தடுக்கிறது. மறு கையால் கொடுக்க அதனிடம் அதிகம் இல்லை. பம்பாயில் 1995-லேயே மரபுக் கட்டட விதிகள் செய்தபோது, கட்டாமல் விட்ட மாடிகளின் உரிமையை வேறிடத்தில் பயன்படுத்தும் வழியையும் யோசித்தார்கள். 'இடிக்காதே' என்று சொல்லும்போது 'உன் நட்டத்துக்கு இது' என்றும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்காரர் ஒன்றும் செய்யமாட்டார். சும்மா பூட்டிவிட்டுப் போவார். மற்றதை ஆலஞ்செடியும் மழையும் பார்த்துக்கொள்ளும். இன்னொரு குறையும் உண்டு. கிழக்குப் பகுதியில் பிழைத்த வீடுகளில் பல விடுதிகளாகவும் உணவகங்களாகவும் ஆயின. வீடு பிழைத்தது, குடித்தனம் போயிற்று. இடிவதைவிட மேல் என்றுதான் சொல்வேன். ஆனாலும் அந்தத் தெருவில் நடந்தால் கொடியில் உலரும் துணி ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லை.

இப்போது மெரியின் கதை. கடற்கரைச் சாலையில் கடலைப் பார்த்து நின்ற நம் நகர மன்றத்தை யாரும் மறந்திருக்க முடியாது. 1870-களின் தொடக்கத்தில் கட்டியது. பிறப்பு, திருமணம், இறப்பு என்று நம் பாட்டன்மார் பெயர்கள் ஏறிய இடம். வயதாகிவிட்டது, பழுது பார்க்க வேண்டும் என்று எல்லாருமே சொன்னார்கள். பேச்சு நடந்தது, கடிதம் நடந்தது, ஆண்டுகள் நடந்தன. 2014 நவம்பர் 29, சனிக்கிழமை, அடைமழையில் அது இடிந்து விழுந்தது. செய்தி கேட்டுக் குடையோடு ஓடினேன். என்னைப்போல் நூறு பேர் நின்றார்கள். யாரும் பேசவில்லை. தூண்கள் செங்கற்குவியலாய்க் கிடந்தன. ஒரு வயதான அம்மாள் மட்டும், 'என் கலியாணம் எழுதின இடம்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு அரசு உலக வங்கிக் கடனுதவியில், கடலோரப் பேரிடர் குறைப்புத் திட்டத்தின் கீழ், ஏறத்தாழ 15 கோடி ரூபாயில் பழைய தோற்றத்திலேயே அதைக் கட்டியது. 2021 பிப்ரவரி 25-இல் பிரதமர் திறந்து வைத்தார். அழகாகத்தான் இருக்கிறது. வேலையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது மெரியின் படம், மெரி அன்று. விழுவதற்கு முன் ஒழுகலை அடைத்திருந்தால் இந்தத் தொகையில் எத்தனை பங்கு போதுமாயிருக்கும் என்று டிராப்ட்ஸ்மேன் புத்தி கணக்குப் போடுகிறது. அரசை மட்டும் குற்றம் சொல்லவில்லை. நாமும் அந்த வழியே தினமும் உலாவினோமே, எத்தனை பேர் ஒரு மனு எழுதினோம்? நான் எழுதவில்லை.

அன்பர்களே, இனி நம் கூடம். வாக்களித்தபடி வருகிறேன்.

அது அரசின் பட்டியலில் இல்லை. இடிக்க வேண்டும் என்றால் நம்மைத் தடுக்க யாரும் வரமாட்டார்கள். அதனால்தான் பொறுப்பு நம் தலையில் விழுகிறது. மண்டபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் பங்கில் ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு வெளியே மண்டபம் பிடித்தால் என்ன கேட்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தாய்மார்களின் கோரிக்கை நியாயமானது. பழமை என்று சொல்லி அவர்களின் வாயை அடைப்பது பாவம்.

ஆனால் சென்ற மாதம் பங்குத் தந்தையின் அனுமதியோடு கூடத்தை நாடாப் பிடித்து அளந்தேன். இரண்டு நாள் ஆயிற்று. சுவர் ஒன்றரை அடிக்கு மேல் கனம், நேராக நிற்கிறது. மேலே மெட்ராஸ் தளம்: தேக்குக் கட்டைகள், அவற்றின்மேல் சிறு செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு இட்டது. பதினான்கு கட்டைகளில் மூன்று உளுத்திருக்கின்றன. அவை மூன்றும் மேற்கு மூலையில், மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்ட இடத்துக்கு நேர் கீழே. குழாயை நாம்தான் அடைக்க விட்டோம். 2011 டிசம்பரில் தானே புயல் முன் தாழ்வாரத்தின் நாட்டு ஓட்டைக் கொண்டுபோனபோது தகரம் போட்டு மூடியவர்களும் நாம்தான். அதற்கு முன்பு சுவரின் அடியில் சிமெண்ட் பூசச் சொன்னது யார் என்று கேட்டால், அப்போதைய கட்டடக் குழுவில் நானும் இருந்தேன்.

அந்தக் கூடத்தில்தான் நம்மில் பலர் ஞானோபதேசம் படித்தோம். புயல் இரவுகளில் கடலோரக் குடும்பங்கள் அங்கேதான் படுத்தன. இதையெல்லாம் வைத்து உங்களைக் கலங்க வைக்க நான் வரவில்லை. மண்டபம் கட்ட இடம் வேண்டும்; கூடத்துக்கு வடக்கே பழைய சைக்கிள் கொட்டகையும் காலி மனையும் சேர்ந்தால் என் அளவுப்படி மண்டபத்துக்குப் போதும், சமையற்கட்டு மட்டும் கொஞ்சம் நெருக்கும். கூடத்தையே பந்தி நடக்கும் இடமாக வைத்துக்கொண்டால் அந்த நெருக்கமும் தீரும். வரைபடம் போட்டுக் கொண்டு வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் மேசைமேல் விரித்து வைக்கிறேன். தப்பிருந்தால் பென்சிலால் திருத்துங்கள். கூலி எதுவும் எனக்கு வேண்டாம். எங்கள் வீட்டுக்கு நான் செய்யாததை இதற்காவது செய்ய விடுங்கள்.

என் கணக்கு மட்டும் போதாது. பழைய கட்டடங்களில் தேர்ந்த பொறியாளர் ஒருவர் வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு வந்து தளத்தைப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். அவர் 'நிற்காது' என்றால் முதல் கையெழுத்து என்னுடையது. அதுவரை பங்குப் பேரவை தீர்மானம் எடுக்காமல் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இளைஞர் நால்வர் சனிக்கிழமை ஏணியோடு வந்தால், அந்த மழைநீர்க் குழாயை முதலில் சுத்தம் செய்துவிடலாம். கூடத்தின் பழைய போட்டோ யார் வீட்டிலாவது இருந்தால், திருமணப் படமானாலும் சரி, பின்னால் சுவர் தெரிந்தால் போதும், கொடுத்து உதவுங்கள். முன் தாழ்வாரத்தின் தூண்கள் எப்படி இருந்தன என்பது எனக்கே சரியாக நினைவில்லை.