பழைய காரும் அதன் உருகியும்

யாழ்ப்பாணத்துத் தெருக்களில் இன்றும் ஓடித்திரியும் பழைய கார்களுள் மொறிஸ் மைனரும் ஒன்று. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் அமைத்த இக்கார் 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்தது. பெற்றோல் கிடைக்காத போர்க்காலத்தில் மண்ணெண்ணெயைக் குடித்தும் ஓடியது. இயந்திரத்தின் ஒலி சற்று மாறினாலே காது கொடுத்துக் கேட்கும் இதன் உரிமையாளர், மின்சுற்றைக் காத்து நிற்கும் இரண்டு சிறு கண்ணாடிக் குழாய்களை நினைப்பது அரிது. மாரி மழையில் துடைப்பான் நின்ற பின்னரே அவை நினைவுக்கு வருகின்றன.

பொனற்றைத் திறந்தால் பின்சுவரில் உருகிகள் இருக்கும் இடம் தெரியும். அங்குள்ள முனைகளுக்கு ஏ1, ஏ2, ஏ3, ஏ4 எனப் பெயர். முதலிரண்டுக்கும் இடையிலுள்ள உருகி ஹோர்ன் முதலியவற்றுக்குரியது. சாவியைத் திருப்பாமலே அதில் மின்சாரம் நிற்கும். மற்றையது சாவி திருப்பிய பின் உயிர்பெற்று, துடைப்பான், பிரேக் விளக்கு, எரிபொருள்மானி ஆகியவற்றுக்கு மின்னூட்டும். தலைவிளக்குக்கு உருகியே இல்லை. ஆகவே அது அணைந்தால் உருகியைக் குறை கூறிப் பயனில்லை.

இரண்டு உருகிகளும் 35 அம்பியர் என்று குறிக்கப்பட்டவை. இடர்ப்பாடு இந்த எண்ணிலேதான் இருக்கிறது. இக்காரின் மின்சாதனங்களைச் செய்த பேர்மிங்ஹாம் லூக்காஸ் நிறுவனம், உருகி எந்த அளவில் உருகுமோ அந்த அளவையே அதன்மேல் எழுதியது. இடையறாது தாங்கக்கூடியது அதில் ஏறத்தாழப் பாதி, அதாவது 17 அம்பியர். அமெரிக்க முறையில் செய்யப்படும் கண்ணாடி உருகியிலோ, தாங்கும் அளவே எண்ணாக எழுதப்படும். வொக்ஸ்வாகன் காரின் பீங்கான் உருகிகளிலும் வழக்கம் அதுவே. வெள்ளை 8, சிவப்பு 16. இதனை அறியாமல் கடையில் "முப்பத்தைந்து" என்று கேட்டு வாங்குபவர், தேவையானதைப்போல இருமடங்கு வலிய உருகியை வீட்டுக்குக் கொண்டுவருகிறார். நீளத்தில் அது சற்றே கூடியது. கவ்வியில் ஒருவாறு அமர்ந்தும் விடும். பிறகு கோளாறு நேரும்போது குழாய் உருகாது. பருத்தி நூல் உறையிட்ட பழைய வயரே முதலில் எரியும். லூக்காஸ் வகை கிடைக்காவிடின், மற்ற வகையில் 15 அம்பியர் உருகியே அதற்கு நெருங்கியது.

சிகரெட்டுப் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வண்டியைக் கிளப்புவோரும் உளர். பொருள் கிடையாத காலத்தில் அது சாமர்த்தியமாக இருந்திருக்கலாம். கடையில் உருகி கிடைக்கும் காலத்தில் அதனைச் சாமர்த்தியம் என்பது பொருந்தாது.

புதிய உருகியை இடுமுன் பழையதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தல் நன்று. கண்ணாடி கரிபிடித்து, உள்ளிருந்த கம்பி அடையாளமின்றிப் போயிருந்தால், எங்கோ ஒரு வயர் காரின் உடலோடு நேரே தொட்டிருக்கிறது. கண்ணாடி தெளிவாக இருந்து கம்பி நடுவில் மட்டும் அறுந்திருந்தால், முதுமையோ மெல்லிய மிகைச்சுமையோ காரணமாகலாம். கவ்விகளில் பச்சைக் களிம்பு படிந்திருந்தாலும் தொடர்பு கெட்டு, சூடேறி, குற்றமற்ற உருகியும் கெடும். பற்றறியின் இணைப்பைக் கழற்றிய பின், மெல்லிய உப்புத்தாளால் அவற்றைத் துலக்குதல் வேண்டும்.

மாற்றியபின் சாவியைத் திருப்பி, ஒவ்வொன்றாக இயக்கிப் பார்ப்பதே முறை. சாவியைத் திருப்பியவுடனே உருகினால், குற்றம் உருகியிலிருந்து புறப்படும் பச்சை வயரிலோ எரிபொருள்மானியின் பக்கத்திலோ இருக்கும். துடைப்பானைப் போட்டதும் உருகினால் அதன் மோட்டாரைப் பார்க்கவேண்டும். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் உருகினால், பின்பெட்டியில் சாமான்கள் உரசி வயரின் உறை தேய்ந்த இடத்தைத் தேடலாம். அந்த இடம் அகப்படும்வரை, உருகியை மாற்றிய ஒருவர் பிரேக் விளக்கு எரிகிறதென்று நம்பிப் பேருந்துக்கு முன்னே ஓட்டிச் செல்வார். பின்னால் வருபவருக்கோ எந்த அடையாளமும் தெரியாது.

உருகிகளின் அருகே இரண்டு மேலதிக உருகிகள் வைப்பதற்கும் இடம் விடப்பட்டிருக்கிறது. பெரும்பாலான கார்களில் அது வெறுமையாகவே கிடக்கிறது.