சோதனை ஓட்டம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில், மதிய உணவுக்கு முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'வளைகுடாவில் என் அனுபவங்கள்' என்று பேசச் சொன்னார் செயலாளர். சாப்பாட்டு நேரத்தில் அதை யார் கேட்பது? நான் கார் பந்தயம் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அனுபவமும் நடுவில் வரும், தப்பிக்க முடியாது.

1986-ல் வெளியே போன எங்கள் செட்டுக்குச் சோழவரம் என்று சொன்னாலே போதும். பழைய விமான ஓடுதளம், பிப்ரவரி வெயில், காதைப் பிளக்கும் சத்தம். வார்டனுக்குத் தெரியாமல் பஸ் ஏறிப் போவோம். அந்தப் பைத்தியம் எனக்கு விடவில்லை. 1991-ல் பஹ்ரைனுக்கு ஏசி பிளான்ட் வேலைக்குப் போனேன். 2004-ல் அங்கே சாகிர் என்ற பாலைவனப் பகுதியில் பார்முலா ஒன் மைதானம் திறந்தார்கள். மத்தியக் கிழக்கின் முதல் கிராண்ட் ப்ரீ அது; ஃபெராரியில் ஷூமாக்கர் ஜெயித்தார். சோழவரம் என் வீட்டுக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

மைதானத்தின் நீளம் 5.412 கிலோமீட்டர், 15 திருப்பங்கள், பந்தயத்துக்கு 57 சுற்று. ஹெர்மன் டில்கே என்ற ஜெர்மானியர் வடிவமைத்தது. தார்ச்சாலைக்கான ஜல்லியை இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார்கள். டயரை அரம் போல அராவுகிற ஜல்லி. பக்கத்து மணல் பறந்து ஓடுதளத்தில் படியாமல் இருக்கப் பசை போன்ற கலவையை மணல்மேல் தெளித்தார்கள். மணலை ஒட்டவைக்கப் பார்த்த மனுஷன் உலகத்திலேயே அங்கேதான் இருப்பான் என்று என் மனைவி சிரிப்பாள்.

எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தைப் பார்க்கப் போவார்கள். எனக்குப் பிடித்தது பிப்ரவரிச் சோதனை ஓட்டம். அந்த மாதத்தில் ஐரோப்பாவில் குளிர். டயர் சூடே ஏறாது. அதனால் மூட்டை முடிச்சோடு பாலைவனத்துக்கு வருகிறார்கள். 2025-ஐயே எடுத்துக்குங்க. அந்த ஆண்டு 24 பந்தயங்கள். அதற்கு முன் கிடைத்த சோதனை மூன்றே நாள், நாளுக்கு எட்டு மணி நேரம், ஓர் அணிக்கு ஒரே கார், அதை இரண்டு ஓட்டுநர்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். முதல் நாள் சாயங்காலம் மைதானத்தில் கரண்ட் போயிடுச்சு! கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். கோடிக்கணக்கில் செலவழித்தவர்கள் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். நம்ம ஊர்க்காரன் எனக்கு அது பழகிய விஷயம்தானே, கொண்டுபோன முறுக்கைப் பிரித்தேன். போதாக்குறைக்கு அந்த மூன்று நாளில் பாலைவனத்தில் தூறலும் போட்டது.

சோதனையில் என்ன செய்கிறார்கள்? காரின்மேல் பச்சைச் சாயத்தை எண்ணெயில் குழைத்துப் பூசி ஓட்டுவார்கள். காற்று எந்த வழியாகப் போகிறதோ அந்த வழியில் சாயம் இழுபட்டுக் கோடு விழும். சக்கரத்துக்குப் பின்னால் அலமாரிச் சட்டம் மாதிரி ஒன்றைக் கட்டி, அது நிறைய பிட்டாட் குழாய்களைச் செருகியிருப்பார்கள். ஆமாம் மாணவர்களே, ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் மூலையில் கிடக்கிறதே, அதேதான். வேகத்தில் யார் முதல் என்று அன்றைக்குக் கேட்பவன் ஏமாளி. பத்து கிலோ பெட்ரோல் கூட இருந்தால் ஒரு சுற்றுக்குக் கால் விநாடிக்கு மேல் போய்விடும். யார் எவ்வளவு ஊற்றியிருக்கிறார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

பந்தய வாரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 2014 முதல் அங்கே விளக்கொளியில் இரவுப் பந்தயம். தகுதிச் சுற்றும் பந்தயமும் பொழுது சாய்ந்த பிறகு. ஆனால் மூன்று பயிற்சிகளில் முதலாவதும் மூன்றாவதும் வெயிலில் நடக்கும். வெயிலில் சரியாக ஓடிய கார், தரை குளிர்ந்ததும் வேறு காராகிவிடும். இரண்டாம் பயிற்சி ஒன்றுதான் உண்மையைச் சொல்லும்.

அதே 2014 சோதனை எனக்கு மறக்காது. புது ஹைபிரிட் டர்போ எஞ்சின் வந்த வருஷம். ரெட்புல் அதற்கு முன் நான்கு வருஷம் தொடர்ந்து சாம்பியன். காற்றை ஏமாற்றுவதற்காகக் காரின் உடம்பை இறுக்கிப் பிடித்துக் கட்டியிருந்தார்கள். உள்ளே இருந்த சூட்டுக்கு வெளியே போக வழியில்லை. சாம்பியன் கார் சில சுற்று ஓடுவதும் கொட்டகைக்குத் திரும்புவதுமாக இருந்தது. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் சொல்றேன். 1998 ஜனவரியில் ஒரு லேபர் கேம்புக்கு ஏசி பிளான்ட் போட்டோம். இடம் மிச்சம் பிடிக்கக் கண்டன்சர்களைச் சுவருக்கும் சுவருக்கும் நடுவே நெருக்கி வைத்திருந்தோம். முழுச் சுமையில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒப்படைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஜனவரியில் முழுச் சுமை எங்கிருந்து வரும்? ஆளுக்கு ஒரு கம்பளி போர்த்திக்கொண்டு படுக்கிற குளிர். "வாரக் கடைசிக்குள் பேப்பர் வேணும், கையெழுத்துப் போடு" என்றார் மேலதிகாரி. போட்டேன். மிரட்டினார் என்றெல்லாம் சொல்லமாட்டேன். எனக்கும் லீவில் ஊருக்கு வரும் அவசரம்.

ஜூலையில் மதியம் இரண்டு மணிக்கு எல்லா காம்ப்ரஸரும் ஹை ப்ரஷரில் ட்ரிப் ஆனது. ஒரு கண்டன்சர் வெளியே தள்ளிய சூட்டை அடுத்தது உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. சுவரில் வழி உடைத்துச் சரிசெய்ய மூன்று நாள் ஆயிற்று. மூன்று ராத்திரியும் ஜனங்கள் மொட்டை மாடியில் ஈரத் துண்டோடு கிடந்தார்கள். ஒருத்தர் மயங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பினார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், என் அப்பா வயது. என்னைப் பார்த்து, "தம்பி, இதை முன்னாடியே ஓட்டிப் பாக்கலையா?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

2010-ல் அதே சாகிரில் நம்ம சென்னைப் பையன் கருண் சந்தோக் முதல் கிராண்ட் ப்ரீக்கு வந்தபோதும் அந்தக் கேள்விதான் காதில் விழுந்தது. ஹிஸ்பானியா என்ற புது அணி. காரைப் பூட்டி முடிக்கவே நேரமில்லை. சீசனுக்கு முன் சோதனையே கிடையாது. பயிற்சிகளெல்லாம் கொட்டகையிலேயே கழிந்தன. சனிக்கிழமைத் தகுதிச் சுற்றில்தான் அந்தக் கார் முதன்முதலாக அவரோடு ஓடியது. சோழவரத்தில் கூச்சல் போட்ட தொண்டை, கத்தித் தீர்த்தேன். மறுநாள் பந்தயத்தில் இரண்டாம் சுற்றிலேயே, அந்த வருஷம் புதிதாகச் சேர்த்த மேடுபள்ளமான பகுதியில் கார் தூக்கிப்போட்டு வெளியே போய்விட்டது. பக்கத்தில் ஒருவர், "இந்தியன் டிரைவர் இவ்வளவுதான்" என்றார். அவரோடு கொஞ்சம் சண்டை போட்டேன். வயசுக்குத் தகாத சண்டை.

ஆனால் சோதித்த பொருள் ஒன்று என்ன செய்யும் என்பதையும் அந்த மைதானமே காட்டியது. 2020 நவம்பர் 29. கொரோனா காலம், நான் வீட்டில் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் சுற்றிலேயே ரொமெய்ன் க்ரோஜானின் கார் மணிக்கு 192 கிலோமீட்டர் வேகத்தில் இரும்புத் தடுப்பில் மோதி, அதைப் பிளந்துகொண்டு உள்ளே போய், இரண்டாக முறிந்து தீப்பிடித்தது. 67 ஜி அதிர்ச்சி. என் மனைவி டிவியை நிறுத்தச் சொன்னாள். அரை நிமிடத்துக்குள் அந்த மனிதர் தீக்குள்ளிருந்து தானே எழுந்து வந்தார்! மெடிக்கல் காரில் பின்னாலேயே வந்த டாக்டர் இயன் ராபர்ட்ஸ் கை கொடுத்து இழுத்தார். கைகளில் தீக்காயம், அவ்வளவுதான்.

தலையைக் காப்பாற்றியது ஹேலோ என்ற டைட்டானியம் வளையம். 2018-ல் கட்டாயமாக்கியபோது ரப்பர் செருப்பு வார் மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் கிண்டல் செய்தார்கள். க்ரோஜானே அதை எதிர்த்தவர்; ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து அதை ஒப்புக்கொண்டார். சுமார் 12 டன் பாரம் தாங்குகிறதா என்று அழுத்திப் பார்த்துத்தான் அதைக் காரில் ஏற்றினார்கள். அந்தச் சோதனைச் சான்றிதழில் கையெழுத்துப் போட்ட எஞ்சினியர் யாரோ, எனக்குப் பெயர் தெரியாது. அன்று ராத்திரி அவரை ரொம்ப நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். முடித்துக்கொள்கிறேன். 1998 சோதனை அறிக்கையின் ஜெராக்ஸ் என் பையில் இருக்கிறது. நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் 'முழுச் சுமை ஓட்டம், 72 மணி நேரம்' என்ற கட்டத்தில் ஒரு டிக், கீழே என் கையெழுத்து. மெக்கானிக்கல் இறுதியாண்டு மாணவர்கள் சாப்பிடும்போது என் டேபிளுக்கு வாங்க, காட்டுகிறேன்.