எல்லை அறியாக் காற்று: ஐரோப்பாவின் சுற்றுச்சூழல் கண்காணிப்பு



இன்றைய சொற்பொழிவின் பொருள் ஐரோப்பாவில் காற்றையும் நீரையும் வெப்பத்தையும் அளந்துவரும் ஏற்பாடுகள் பற்றியது. ‘கண்காணிப்பு’ என்னும் சொல் இந்நாட்டுத் தமிழராகிய நமக்குப் புதியதன்று. தோட்டத்துக் கங்காணியின் பெயரும் அதே வேரிலிருந்து வந்ததே. அவர் முதலாளியின் சார்பில் தொழிலாளரைக் கண்காணித்தார். யார், யாருடைய சார்பில், எதைக் கண்காணிக்கிறார் என்னும் அக்கேள்வியையே நாம் இன்று காற்றை முன்வைத்து எழுப்ப விரும்புகிறோம்.

புகையின் முகவரி

1952 டிசம்பர் 5ஆம் நாள் லண்டன் மாநகரை நிலக்கரிப் புகையும் பனியும் கலந்த மூட்டம் சூழ்ந்தது. ஐந்து நாள்கள் நீடித்த அம்மூட்டத்தால் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர் என்று அக்காலத்தில் கணக்கிட்டனர். பிற்கால ஆய்வுகள் அந்த எண்ணிக்கை 12,000 வரை இருக்கலாம் என்கின்றன. 1956இல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டத்தை இயற்றியது. வீட்டு அடுப்புகளின் கரும்புகை குறைந்தது. மின்நிலையங்களின் புகைபோக்கிகள் உயர்ந்தன. நகரம் மூச்சுவிட்டது. ஆனால், உயரத்தில் வெளியேறிய கந்தகப் புகை மறைந்துவிடவில்லை. காற்றோடு வடகடலைக் கடந்து வேற்று நாடுகளை நோக்கிச் சென்றது.

நார்வே, சுவீடன் நாட்டு ஏரிகளில் மீன்கள் அருகிவந்தன. சுவீடனின் மண்ணியல் அறிஞர் சுவாந்தே ஓடேன், மழைநீரில் அமிலம் மிகுந்துவருவதையும் அதன் மூலம் வேற்று நாடுகளின் கந்தகப் புகையே என்பதையும் 1967இல் ஒரு நாளிதழ்க் கட்டுரையின் வழி மக்கள்முன் வைத்தார். இங்குத்தான் சிக்கல் எழுந்தது. ‘உங்கள் புகையால் எங்கள் ஏரி பாழாகிறது’ என்று ஒரு நாடு சொன்னால், ‘எங்கள் புகைதான் என்பதற்கு என்ன சான்று?’ என்று மற்றொரு நாடு கேட்கும். புகைக்கு முகவரி இல்லை. அந்த முகவரியைக் கண்டறியும் பணியே ஐரோப்பியக் கண்காணிப்பின் தொடக்கம்.

1977இல் ஐரோப்பிய அளவிலான கூட்டுக் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. அதன் முறை எளிமையானது, ஆனால் உறுதியானது. ஒவ்வொரு நாடும் தான் வெளியிடும் கந்தகத்தின் அளவைக் கணக்காகத் தரும். வானிலை ஆய்வாளர்கள் காற்றின் திசையையும் வேகத்தையும் மழையையும் கொண்டு, அந்தக் கந்தகம் எங்கே சென்று படியும் எனக் கணிப்பார்கள். நகரங்களுக்கு அப்பால் அமைந்த நிலையங்கள் மழைநீரைச் சேகரித்து அக்கணிப்பைச் சரிபார்க்கும். முடிவில் எந்த நாட்டின் மாசு எந்த நாட்டு மண்ணில் எவ்வளவு விழுந்தது என்னும் அட்டவணை கிடைக்கும்.

அது பனிப்போர்க் காலம் என்பதை நாம் மறத்தலாகாது. கணிப்பு மையங்களுள் ஒன்று ஓஸ்லோவிலும் மற்றொன்று மாஸ்கோவிலும் இயங்கின. ஏவுகணைகளை எதிரெதிரே நிறுத்தியிருந்த இரு தரப்பும் மழைநீரின் கணக்கைப் பகிர்ந்துகொண்டன. 1979இல் ஜெனீவாவில் எல்லை கடந்த காற்று மாசு பற்றிய உடன்படிக்கை கையெழுத்தானது. 1985இல் கந்தகத்தை 30 விழுக்காடு குறைக்கும் நெறிமுறை உருவானபோது பிரிட்டன் அதில் சேரவில்லை. 1994ஆம் ஆண்டு நெறிமுறையில் சேர்ந்தது. ஆண்டுதோறும் வெளிவந்த அளவீடுகளின்முன் மறுப்பு நெடுங்காலம் நிலைக்க இயலவில்லை. 1980ஆம் ஆண்டோடு ஒப்பிட, ஐரோப்பாவின் கந்தக வெளியீடு இன்று 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துள்ளது.

மறைத்தலும் வெளிப்படுதலும்

1986 ஏப்ரல் 26ஆம் நாள் செர்னோபில் அணு உலை வெடித்தது. சோவியத் அரசு உடனே அறிவிக்கவில்லை. இரு நாள்களுக்குப்பின் சுவீடனின் போர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஓர் ஊழியரின் காலணியில் கதிரியக்கம் தென்பட்டது. தம் உலையில் கசிவு இல்லை என்று உறுதிசெய்தபின், காற்று வந்த திசையைக் கணித்தனர். அது சோவியத் நாட்டைச் சுட்டியது. அன்று மாலையே மாஸ்கோ விபத்தை ஒப்புக்கொண்டது. இன்று ஐரோப்பிய நாடுகள் கதிரியக்க அளவீடுகளை இடைவிடாது பகிர்ந்துகொள்வதற்கு அந்நிகழ்ச்சியே காரணம்.

1994 முதல் கோபன்ஹேகனில் இயங்கிவரும் ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமை, உறுப்பு நாடுகளின் அளவீடுகளைத் திரட்டிப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறது. 2017 அக்டோபரில் ஏவப்பட்ட ‘சென்டினல்-5பி’ செயற்கைக்கோள், பூமியில் பட்டுத் திரும்பும் கதிரவன் ஒளியை அலகு அலகாகப் பிரித்துப் பார்க்கிறது. ஒவ்வொரு வளிமமும் ஒளியின் குறிப்பிட்ட பகுதியை உறிஞ்சுவதால், எந்த நகரின்மேல் எவ்வளவு நைட்ரஜன் டைஆக்சைடு உள்ளது என அறியலாம்.

பருவநிலையின் கதையும் இக்கருவிகள்வழியே தெளிவாகிறது. 1980களிலிருந்து ஐரோப்பா உலகச் சராசரியைப்போல் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் வெப்பமடைந்து வருகிறது. சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் தம் பருமனில் 10 விழுக்காட்டை இழந்தன. தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட 1.5 பாகை செல்சியசுக்கும் மேல் உலகம் வெப்பமுற்ற முதல் நாட்காட்டி ஆண்டு 2024 என ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் பருவநிலைச் சேவை அறிவித்தது.

அளவீட்டின் எல்லை

ஆயினும், அளப்பதாலேயே நோய் தீர்ந்துவிடாது. 2015இல் வெளிப்பட்ட டீசல் வாகன மோசடியில், சோதனைக் கூடத்தில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருள் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வாகனங்களில் இருந்தது தெரியவந்தது. அதன்பின் 2017 முதல், சாலையில் ஓடும்போதே புகையை அளக்கும் சோதனை ஐரோப்பாவில் கட்டாயமானது. நுண்துகள் மாசு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த அளவுக்குள் இருந்திருப்பின், 2022இல் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்தில் குறைந்தது 2,39,000 உயிரிழப்புகள் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்று முகமை கணித்துள்ளது. தெரிந்தும் செய்யாதிருத்தல், தெரியாதிருத்தலினும் கொடிது.

நமக்கு உரியது

புகைமூட்டத்தின்போது சன்னலைச் சாத்தி, பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துக்கொண்டு குறியீட்டு எண்ணைப் பார்த்திருப்பவர்கள் நாம். தென்கிழக்காசிய நாடுகள் 2002இல் கோலாலம்பூரில் எல்லை கடந்த புகைமூட்ட உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இந்தோனேசியா அதில் முழுமையாக இணைந்தது 2014இல்தான். ஐரோப்பா நமக்குத் தரும் பாடம், உடன்படிக்கைக்கு உயிர்தருவது ஆண்டுதோறும் வெளிப்படையாகப் பகிரப்படும் கணக்கே என்பதாகும்.

மொழி மன்றத்தில் கூடியுள்ள நமக்கு இதில் தனிக் கடமையும் உண்டு. நுண்துகள் என்றால் என்ன, குறியீடு எந்த எண்ணைத் தாண்டினால் ஈளைநோய் உள்ள பாட்டி வெளியே செல்லலாகாது என்பதை அவருக்குத் தெரிந்த தமிழில் சொல்ல வேண்டும். சொல் எட்டாத வீட்டில் எண் பயன்படாது. கருவிகள் மக்களின் சார்பில் காற்றைக் கண்காணிக்கட்டும். அவை கண்டதை மக்களின் மொழியில் கொண்டுசேர்ப்பது நம் பணியாகட்டும்.