"அப்பா, நீங்க என்ன செஞ்சீங்க?"

போன எபிசோட்டில் லார்ட் கிச்சனரின் மீசையையும் நீட்டிய விரலையும் பற்றிப் பேசினோம், 1914-இல் ஆல்ஃபிரட் லீட் வரைந்த படம். இன்றைய போஸ்டரில் யாரும் விரல் நீட்டவில்லை, அதட்டவில்லை. ஆனா என்னைக் கேட்டால் இதுதான் கொடூரம்.

ஒரு வீடு. பூப்போட்ட உறை மாட்டிய நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். மடியில் மகள், முன்னால் ஒரு புத்தகம். தரையில் பையன் பொம்மைச் சிப்பாய்களை அடுக்கிக்கொண்டிருக்கிறான். "அப்பா, பெரிய போரில் நீங்க என்ன செஞ்சீங்க?" என்று மகள் கேட்கிறாள். 'நீங்க' என்ற சொல்லுக்குத் தனி அழுத்தம். அப்பா அவளைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்க்கிறார். பதில் இல்லை.

இது 1915-இல் பிரிட்டனில் வந்தது. கட்டாய ராணுவச் சேவை அப்போது கிடையாது, ஆட்கள் தானாக வந்து சேர வேண்டும். போர் நடந்துகொண்டிருக்கிறது, படத்திலோ போர் முடிந்துவிட்டது. இன்னும் வராத ஒரு சாயங்காலத்துக்காக இன்றைக்கே வெட்கப்படச் சொல்கிறார்கள். போய்ச் செத்திருந்தால் அந்த நாற்காலி காலியாக இருந்திருக்குமே? அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

வரைந்தவர் சாவில் லம்லி. குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போட்டவர், அதனால்தான் அந்த வீடு அவ்வளவு இதமாக இருக்கிறது. யோசனை ஆர்தர் கன் என்பவருடையது, ஜான்சன் ரிடில் அச்சகத்தின் இயக்குநர். படைக்குப் போகலாமா வேண்டாமா என்று அவரே தவித்துக்கொண்டிருந்தார். பின்னாளில் தன் பிள்ளை கேட்டால் என்ன சொல்வது என்று நினைத்த நிமிஷத்தில் பிறந்ததுதான் இது. கொஞ்ச நாளில் அவரே தொண்டர் படையில் சேர்ந்துவிட்டார் என்று அவர் மகன் சொல்லியிருக்கிறார். போஸ்டர் எழுதினவரையே பிடிச்சிருச்சு.

இங்க என் கதை ஒண்ணு சொல்லணும். முதல் வேலையில் ஒரு இன்சூரன்ஸ் ஆப்புக்கு பாப்-அப் எழுதினேன். பாலிசி வேண்டாம் என்றால் அழுத்தவேண்டிய பட்டனில் இருந்த வாசகம்: "வேண்டாம், என் குடும்பம் எப்படியோ போகட்டும்." வாசகம் வேறொருவர் கொடுத்தது, கோடு என்னுடையது. விற்பனை ஏறியது, டீமுக்கு பிரியாணி வந்தது. ஆறு மாசம் கழித்து ஊரிலிருந்து அப்பா கூப்பிட்டார். "தம்பி, ஒரு பாலிசி எடுத்துட்டேன்பா. வேண்டாம்னு அழுத்த மனசு வரல. எவன்டா இப்படியெல்லாம் எழுதறான்?"

நான் சிக்னல் இல்லைன்னு சொல்லி போனை வெச்சுட்டேன்.

அந்தப் போஸ்டர் கேள்விக்கு ஸ்காட்லாந்துச் சுரங்கத் தொழிலாளர் தலைவர் ராபர்ட் ஸ்மில்லி ஒரு பதில் வைத்திருந்தாராம்: அந்தப் பாழாப்போன போரை நிறுத்தப் பார்த்தேன் கண்ணு. 1915-இல் அப்படிச் சொல்லத் துணிச்சல் வேண்டும்.

வெட்கம் மட்டும் போதவில்லை. 1916 ஜனவரியில் கல்யாணமாகாத ஆண்களுக்குக் கட்டாயச் சேவைச் சட்டம் வந்தது, மே மாதத்தில் கல்யாணமானவர்களுக்கும் வந்தது. அதற்கப்புறம் அந்த அப்பாவிடம் கேள்வி கேட்கப் பிள்ளைகள் தேவைப்படவில்லை, அரசாங்கத்தின் கடிதமே வந்தது.

அடுத்த வாரம் அமெரிக்கா. அங்கிள் சாமுக்குத் தன் முகத்தையே கொடுத்த ஜேம்ஸ் மாண்ட்கோமரி ஃபிளாக். பார்ப்போம்.