விழுகிற பல்தானே என்று விட்டுவிடாதீர்கள்



பல்வலியால் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்கச் சொன்னால் பாதிப் பேருக்கு மேல் தூக்குவீர்கள். வலி வந்த அன்றைக்கா பல் கெட்டது? இல்லை. மாதக்கணக்கில், சில பேருக்கு வருஷக்கணக்கில், சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் பல் காட்டுகிற அடையாளங்களைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

சொத்தைப் பல்லில் புழுவும் கிடையாது, பூச்சியும் கிடையாது. கண்டங்கத்தரி விதையைச் சுட்டுப் புகை காட்டி, ‘இதோ பார் புழு’ என்று எதையாவது காட்டுவார்கள். அது உங்கள் பல்லிலிருந்து வந்தது அல்ல. வாயில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கின்றன. பல்லில் ஒட்டிய சர்க்கரையையும் மாவையும் தின்று அவை அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேல்தோடாகிய எனாமலைக் கரைக்கிறது. கரைந்ததை உமிழ்நீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யும். அதற்கு அவகாசம் வேண்டும். அதனால்தான் சாப்பாட்டோடு ஒரு லட்டு தின்பதைவிட, நாள் பூராவும் மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டிருப்பது கெடுதல். பால் புட்டியோடு தூங்குகிற பிள்ளைக்கும் இதே கதிதான்.

முதல் அடையாளம் கறுப்பு அல்ல, வெள்ளை. குழந்தையின் மேல் உதட்டைத் தூக்கி, முன்பற்களை ஒரு துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தீற்றினாற்போல் வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் ஆரம்பம். (தர்மபுரி, சேலம் பக்கம் தண்ணீரில் புளோரைடு அதிகமாகி வரும் பல் கறை வேறு, அது பல பற்களில் ஒரே மாதிரி இருக்கும்.) இந்த வெள்ளைக் கட்டத்தில் சொத்தையைத் திருப்பிவிடலாம். புளோரைடு கலந்த பேஸ்டால் காலையும் இரவும் துலக்க வேண்டும். மூன்று வயதுக்குள் அரிசி அளவு பேஸ்ட், அதற்கு மேல் பட்டாணி அளவு போதும். செங்கல் பொடியும் சாம்பலும் வேண்டாம். அவை எனாமலைத் தேய்த்துவிடும்.

அடுத்தது பழுப்பு, கறுப்புக் குழி. ஜில்லென்று தண்ணீர் குடித்தால் சுரீர் என்கும், சோறு சிக்கிக்கொள்ளும். சின்னப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. ஒரு பக்கமாகவே மெல்லுகிறதா, சோற்றை வாயில் வைத்துக்கொண்டே இருக்கிறதா என்று நீங்கள்தான் கவனிக்க வேண்டும். இந்த நிலையில் அடைத்தால் பல் பிழைக்கும்.

இதையும் விட்டால் ராத்திரியில் விண்விண் என்று தெறிக்கும். பல்லின் உள்ளே நரம்பு வரை போய்விட்டது என்று அர்த்தம். சில சமயம் அந்த வலி தானாக நின்றுவிடும். சந்தோஷப்படாதீர்கள், நரம்பு செத்துப்போயிருக்கும், அடுத்து சீழ் வரும். கிராம்புத் தைலம் சற்று நேரம்தான் தாங்கும். புகையிலையை அதக்கினால் வாய்க்கு வேறு கேடு. ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் வைத்தால் ஈறு வெந்துபோகும். தாடைக்குக் கீழே கழுத்து வரை வீக்கம், காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்க முடியாமை என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அந்த ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அது மூச்சை அடைக்கக்கூடிய வீக்கம்.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன். ஊருக்கெல்லாம் பேசுகிற எனக்கே இது நடந்தது. என் மூத்த பெண்ணுக்கு ஏழு வயதிருக்கும். கடைவாயில் ஒரு கறுப்பு. ‘விழுகிற பல்தானே’ என்று அவள் அம்மாவிடம் நானே சொன்னேன். அது பால் பல் அல்ல. ஆறு வயது வாக்கில், எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். மேலும் கீழுமாக நான்கு. அது போனால் வேறு முளைக்காது. பல் எதுவும் விழாததால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. பத்து வயதில் என் பெண்ணுக்கு அதைப் பிடுங்க வேண்டியதாயிற்று. இன்றைக்கும் அவள் அந்தப் பக்கம் முறுக்கு கடிப்பதில்லை.

அதனால் பிள்ளைக்கு ஆறு வயது நடக்கும்போது, அப்பாக்களே, இந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்து வருகிறவருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிஷம் இருக்கும். டார்ச் அடித்துக் கடைசிப் பல்லைப் பாருங்கள். பால் பல்லில் சொத்தை இருந்தாலும் காட்டுங்கள்; அது முன்னாலேயே போய்விட்டால் அடுத்த பல் கோணலாக வரும்.

அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வருகிற மருத்துவக் குழு பல்லையும் பார்க்கும். அன்றைக்குப் பிள்ளையை நிறுத்தி வைக்காதீர்கள். சென்ட்ரலில் இறங்கிக் கொஞ்ச தூரம் போனால், கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. வேலப்பன்சாவடியிலும் முகப்பேரிலும் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு.

போன கூட்டத்தில் ஒரு தங்கச்சி, ‘வாயும் வயிறுமா இருக்கும்போது பல்லுக்கு வைத்தியம் பண்ணிக்கலாமா சார்?’ என்று கேட்டாள். தாராளமாகப் பண்ணலாம் அம்மா. நாலு முதல் ஆறு மாதம் வரை வசதியான காலம். வீக்கமோ சீழோ இருந்தால் மாதக் கணக்கே பார்க்க வேண்டாம். எத்தனையாவது மாதம் என்பதை மட்டும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.